சளிக்குக் கைவைத்தியம்: எது உதவும், எதில் கவனம் வேண்டும்?

சளி பிடித்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது மிளகு டப்பாவை. கிளினிக் அட்டையைத் தேடுவது அதற்குப் பிறகுதான். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவரானாலும் லயத்து வாசலில் துளசியையும் குழாயடியில் கற்பூரவள்ளியையும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிமாறியவர்கள் பலர் அந்தச் செடிகளையும் பூச்சட்டியில் கூடவே கொண்டுவந்து விட்டார்கள்.

இந்தக் கையேடு அவற்றைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. எந்தக் கைவைத்தியத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள், சோதனையில் என்ன தெரிந்தது என்று சொல்கிறது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடும் மூத்தவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சளி தானாகவே போகும் நோய்

சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றை அழிக்கும் மாத்திரை எதுவும் இதுவரை கிடையாது. ஆன்டிபயாட்டிக் மருந்து வேறு வகைக் கிருமிக்கு உரியது. சளிக்கு அது உதவாது. உடம்புதான் போராடி 7 முதல் 10 நாளில் சளியை வெளியேற்றுகிறது. இருமல் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். காய்ச்சலும் மூக்கொழுகலும் போன பிறகும் அது இரண்டு வாரத்தைத் தாண்டுவது உண்டு.

இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. சளி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தில் இருக்கும். நமக்குப் பொறுமை போவதும் அன்றுதான். அன்று எதைக் குடித்தாலும் ஐந்தாம் நாள் கொஞ்சம் தேறியிருப்போம். கஷாயம் குடித்தவர், கஷாயம் கேட்டது என்பார். ஒன்றும் குடிக்காத பக்கத்து வீட்டுக்காரரும் அதே நாளில் தேறியிருப்பார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே ஒரு மருந்தைச் சோதிக்கும்போது ஆய்வாளர்கள் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான மருந்து. மற்றதற்கு அதே நிறத்தில், அதே உருவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு குழுவும் ஒரே நாளில் குணமானால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். கீழே “ஆய்வு” என்று சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட சோதனையைத்தான்.

சூடான ரசம்

முதலில் நல்ல செய்தி. பிரிட்டனில் கார்டிஃப் நகரில் சளி ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருந்தது. அங்கே 2008இல் சளி பிடித்த 30 பேரைச் சோதித்தார்கள். ஒரே பழச்சாற்றுப் பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல் ஆகியவற்றோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவையும் உடனே குறைந்ததாகத் தெரிந்தது. ஆறிய பானம் முதல் மூன்றுக்கு மட்டுமே சற்று உதவியது. மூக்கின் வழியாகப் போகும் காற்றைக் கருவி வைத்து அளந்தபோது இரண்டிலும் மாற்றம் இல்லை. ஆக, அடைப்பு அப்படியே இருந்தாலும் உபாதை குறைந்தது.

அமெரிக்காவின் மயாமியில் 1978இல் நடந்த இன்னொரு சோதனை கோழி சூப்பைப் பற்றியது. சூடான கோழி சூப்பும் சுடுநீரும் மூக்கிலுள்ள சளியை வேகமாக நகரச் செய்தன. குளிர்ந்த நீர் அதை மெதுவாக்கியது. சூட்டின் பலன் அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதனால்தான் ஒரே தடவை ஒரு சொம்பு குடிப்பதைவிட, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகக் குடிப்பது நல்லது.

மிளகு ரசத்தை வைத்து இப்படி ஒரு சோதனை நடக்கவில்லையே என்று கேட்கலாம். சூடு, தண்ணீர், நாக்கில் உறைக்கும் காரம் மூன்றும் ரசத்தில் இருக்கின்றன. வீட்டில் உள்ள சளி வைத்தியங்களிலேயே பாதுகாப்பானது எது என்று கேட்டால் ரசத்தைத்தான் சொல்வோம். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது முக்கியம். சிறுநீரக நோய் அல்லது இருதயப் பலவீனம் காரணமாக ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் ரசமும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

ஆடாதோடை: செடியிலிருந்து மாத்திரைக்கு

மார்பில் கட்டிய சளிக்கு ஆடாதோடை இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நம் பழைய பழக்கம். இந்தச் செடியில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்து வேதியியலாளர்கள் உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின் என்ற மருந்து. 1960களில் இருந்து அது உலகமெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. கெட்டிச் சளியை இளக்கித் துப்ப வைப்பது அதன் வேலை. இருமல் என்று போனால் கிளினிக்கில் கொடுக்கும் சிறு வெள்ளை மாத்திரை பல நேரங்களில் அதுவாகவே இருக்கும். பாட்டி வைத்தியமும் மருந்தகத்து மருந்தும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அளவு தெரியும். இலையில் தெரியாது, செடியின் வயது, மண், வெயில் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பமாக இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ அதை எந்த வடிவிலும் கொடுக்காதீர்கள்.

நிலவேம்பு

மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். பூமியின் பித்தம் என்று பொருள்; வாயில் வைத்தவர்களுக்குப் பொருத்தமான பெயர் என்று புரியும். சளிக்கான மூலிகைகளில் ஓரளவு சோதிக்கப்பட்டது இதுதான். 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 33 ஆய்வுகளில் கலந்துகொண்ட 7,000க்கும் அதிகமானோரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நிலவேம்பு சாப்பிட்டவர்களுக்கு இருமலும் தொண்டை வலியும் குறைந்திருந்தன. ஆனால் அந்த 33இல் பல ஆய்வுகள் சரியாக நடத்தப்படாதவை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. “பலன் இருக்கலாம்” என்பதற்கு மேல் போக முடியாது.

அந்த ஆய்வுகளில் பயன்பட்டவை பெரும்பாலும் அளவு நிர்ணயிக்கப்பட்ட மாத்திரைகளும் சாறுகளும். ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் கொண்டுவந்து கொடுக்கும் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி வேறு. தமிழ்நாட்டில் டிங்கி பரவும் காலங்களில் அரசே அதை மக்களுக்கு வழங்கியதால் இங்கும் பெயர் பெற்றது. அதில் நிலவேம்போடு வேறு எட்டுச் சரக்குகள் சேர்கின்றன. தனி நிலவேம்பின் ஆய்வு முடிவை அந்தக் கலவைக்குப் பொருத்த முடியாது.

கவனிக்க வேண்டியவை மூன்று. நிலவேம்பு இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். மாத்திரையும் இறக்க, நிலவேம்பும் இறக்க, காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு என்னவாகும் என்று யோசியுங்கள். அடுத்தது ஒவ்வாமை. நிலவேம்பு சாப்பிட்ட சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சுத் திணறும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதாக ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. முகம், உதடு வீங்கினால் காத்திருக்காமல் 999 எண்ணை அழையுங்கள். மூன்றாவது, இதை மாதக்கணக்கில் தினமும் குடிக்காதீர்கள். ஆய்வுகள் பெரும்பாலும் சில நாள் பயன்பாட்டைத்தான் பார்த்தன.

தேன், இஞ்சி, பூண்டு, மஞ்சள்

தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2020இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருமலின் வேகத்தையும் அடிக்கடி வருவதையும் குறைப்பதில் தேன் வழக்கமான சிகிச்சையைவிட முன்னே இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளிடம் நடந்தவை. படுக்கப் போகுமுன் ஒரு தேக்கரண்டி போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் அந்தத் தேக்கரண்டியைச் சீனிக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேன் இயற்கையானது என்பதற்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. கருப்பட்டிக்கும் அதே கணக்குதான். ஒரு வயது நிரம்பாத பேரப்பிள்ளைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்து சிசுவின் குடலில் முளைத்து உடம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். சிசுவின் குடல் தாங்காது.

இஞ்சியைப் பற்றி ஒரு சுவையான செய்தி. தைவான் ஆய்வாளர்கள் 2013இல் சோதனைக்கூடத்தில் மனித மூச்சுக்குழல் செல்களை வளர்த்து, அவற்றில் ஒரு வைரஸை விட்டுப் பார்த்தார்கள். பச்சை இஞ்சிச் சாறு வைரஸைத் தடுத்தது. காய்ந்த இஞ்சி, அதாவது நம் சுக்கு, தடுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக் குவளையில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. குடித்த இஞ்சி அதே அளவில் மூக்குக்குப் போய்ச் சேருவதில்லை. சுக்குக் காப்பியை இதற்காக விட்டுவிட வேண்டாம். அதன் சூட்டுக்கும் மணத்துக்குமே குடிக்கலாம், சீனி குறைத்து.

பூண்டுக்குக் கணக்கில் எடுக்கத்தக்க ஆய்வாக ஒன்றுதான் இருக்கிறது. 146 பேர் 12 வாரம் தினமும் பூண்டு மாத்திரையோ வெறும் மாத்திரையோ சாப்பிட்டார்கள். பூண்டுக் குழுவில் 24 தடவை சளி வந்தது, மற்றக் குழுவில் 65 தடவை. பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஒரே ஒரு ஆய்வு. மேலும் பூண்டு சாப்பிட்டவருக்கு ஏப்பத்திலேயே தெரிந்திருக்கும், தாம் எந்தக் குழு என்று. வந்துவிட்ட சளியை அது பெரிதாகச் சுருக்கவும் இல்லை. குழம்பில் போடும் பூண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் மாத்திரைகளையோ செறிவான சாறுகளையோ தாங்களாக எடுக்கக் கூடாது. இரத்தக் கசிவு அதிகமாகலாம்.

மஞ்சள் பாலில் மிளகுத்தூள் தூவும் வழக்கத்துக்கு ஒரு காரணம் இருப்பது 1998இல் பெங்களூரில் தெரியவந்தது. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் தனியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தபோது அது பல மடங்கு கூடியது. இதனால் சளி விரைவில் குணமாகும் என்று யாரும் காட்டவில்லை. இருமலுக்குச் சூடான பால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மிளகு மஞ்சளை மட்டும் இரத்தத்தில் ஏற்றுவதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இருதயத்துக்கும் கொதிப்புக்கும் கொடுக்கும் புரொப்ரனோலால் போன்ற மருந்துகளின் அளவையும் அது கூட்டக்கூடும். சமையலில் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். கரண்டி கரண்டியாக மிளகு, திப்பிலிப் பொடி விழுங்குவதும், மஞ்சள்-மிளகு கேப்சூல் வாங்கிச் சாப்பிடுவதும் வேறு.

துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் சளியில் சொல்லிக்கொள்ளும்படியான ஆய்வு இல்லை. நாலு இலையைக் கொதிநீரில் போட்டுக் குடிப்பதில் தவறும் இல்லை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் தரும் வைட்டமின் சி பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. அதைத் தினமும் மாத்திரையாக எடுத்து வந்த பெரியவர்களுக்குச் சளி 8 விழுக்காடு சுருங்கியது. ஒரு வாரச் சளியில் அது அரை நாள். சளி வந்த பிறகு தொடங்கியவர்களுக்கு அந்த அரை நாளும் நிச்சயமில்லை.

அதிமதுரம்: கொதிப்பு உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்

தொண்டை கரகரப்புக்கு அதிமதுரக் குச்சியை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. தொண்டைக்கு இதம் தருவது உண்மைதான். லக்னோவில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்கு, மயக்க மருந்துக் குழாயால் வரும் தொண்டை வலி குறைவாக இருந்தது. இது 2009இல் வெளிவந்த ஆய்வு. அவர்கள் கொப்பளித்துத் துப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

விழுங்கினால் நிலைமை வேறு. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், நாடித் துடிப்பு தாறுமாறாகலாம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறையக்கூடும். அவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதிமதுரத்தைக் குடிக்கவோ மென்று விழுங்கவோ வேண்டாம். கடையில் வாங்கும் சளிக் கஷாயப் பொடிகளில் அதிமதுரம் அடிக்கடி சேர்ந்திருக்கும். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பேரப்பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தொண்டைக்கு வெறும் தண்ணீரே நல்லது. ஜப்பானில் ஆரோக்கியமானவர்கள் இரண்டு மாதம் தினமும் மூன்று தடவை வெறும் தண்ணீரால் கொப்பளித்ததில், கொப்பளிக்காதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சளி குறைந்தது. அயோடின் கலந்த மருந்து நீரால் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. காசு செலவில்லாத வைத்தியம். இளஞ்சூட்டில் சிட்டிகை உப்பு போட்டுக்கொண்டாலும் சரி, விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

ஆவியும் புகையும் தைலமும்

நொச்சி, யூக்கலிப்டஸ் இலைகளைக் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பதை விட்டுவிடச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சளிக்குச் சூடான ஈரக்காற்றைச் சோதித்த 6 ஆய்வுகளை 2017இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. சுடுநீர்ச் சட்டி கவிழ்ந்து மடியும் தொடையும் வெந்துபோவது மட்டும் உறுதியாக நடக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. புண் ஆற நாளாகும். கை நடுக்கம் உள்ளவர்கள் செய்யவே வேண்டாம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபோதும் செய்யாதீர்கள். ஆவி வேண்டுமென்றால் கையில் உள்ள ரசக் குவளையின் ஆவியை முகர்ந்துகொள்ளுங்கள்.

விரலி மஞ்சளைச் சுட்டு அதன் புகையை மூக்கில் இழுப்பதும், சாம்பிராணிப் புகையைப் பூட்டிய அறையில் பிடிப்பதும் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது இழுப்பைக் கிளப்பிவிடும்.

நெஞ்சில் தேய்க்கும் தைலத்தில் உள்ள மென்தால் மூக்கைத் திறந்ததுபோல ஒரு குளிர்ச்சி தரும். அளந்து பார்த்தால் காற்று அதே அளவுதான் போகிறது. மூக்கு நரம்புக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. அந்த உணர்வே தூங்க உதவினால் தேய்த்துக்கொள்ளலாம். பூஜைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிச் சிறு பிள்ளைகளுக்குத் தேய்ப்பது வேண்டாம். கொஞ்சம் கற்பூரம் வாய்க்குள் போனாலும் பிள்ளைக்கு வலிப்பு வரும். கற்பூர டப்பாவைப் பூஜை மேடையில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எங்கிருந்து பறிக்கிறீர்கள்?

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இன்று வட சிலாங்கூரில் ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், எங்கும் செம்பனை. செம்பனைக்கு அடியிலும் நிரையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்த அம்மாமார்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் தொடர்கின்றன. அடித்த அன்றே இலை வாடுவதில்லை. பசுமையாக நிற்கும் தூதுவளையிலும் நிலவேம்பிலும் மருந்து படிந்திருக்கலாம். கொதிக்க வைத்தால் அது போகும் என்று நம்ப முடியாது. தஞ்சோங் காராங், செகின்சான் வயலோரங்களுக்கும் இது பொருந்தும். வீட்டுச் சட்டியில் வளர்த்ததை மட்டும் பயன்படுத்துங்கள். பெயர் உறுதியாகத் தெரியாத செடியைத் தொடாதீர்கள்.

பொட்டலத்தில் வரும் மருந்து

இரவுச் சந்தையிலும் புலனத்திலும் “இருமல், ஆஸ்துமா, மூட்டு வலி எல்லாம் மூன்றே நாளில்” என்று விற்கும் பொடிகளையும் உருண்டைகளையும் பற்றி எங்களுக்குக் கவலை உண்டு. சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. ஸ்டீராய்டு கலந்தால் உண்மையிலேயே மூன்று நாளில் சுகம் தெரியும். ஏமாற்று நிலைப்பதற்குக் காரணமே அதுதான். பிறகு முகம் உப்பும், சர்க்கரை எகிறும், எலும்பு பலவீனமாகும், தொற்று எளிதில் பற்றும். அப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தளர்ந்து ஆபத்தாகலாம். அந்த டப்பாவோடு உடனே மருத்துவரிடம் வாருங்கள். இதற்காக உங்களை யாரும் திட்ட மாட்டார்கள்.

மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்கு 1992 முதல் பதிவு முறை இருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், அதை அடுத்து எட்டு இலக்க எண்ணும், கடைசியில் டி என்ற எழுத்தும் இருந்தால் அது பதிவான பாரம்பரிய மருந்து. எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையத் தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணையே போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு என்பது பாதுகாப்புக்கும் தரத்துக்கும்தான். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

இது சளிதானா?

கைவைத்தியத்தால் நேரடியாக வரும் கெடுதலைவிட, கைவைத்தியத்தை நம்பிக் காத்திருப்பதால் வரும் கெடுதல் பெரிது. நம் வட்டாரத்தில் சளி போலத் தொடங்கும் வேறு நோய்கள் உண்டு.

ராஜா மூசா காட்டுப் பகுதியில் கரிமண் எரியும் காலத்திலும், அறுவடைக்குப் பின் வைக்கோல் கொளுத்தும் காலத்திலும் வரும் இருமல் புகையால் வருவது. அதற்கு எந்தக் கஷாயமும் வேலை செய்யாது. கதவைச் சாத்தி வீட்டுக்குள் இருப்பதும், வெளியே போனால் நல்ல முகக்கவரி அணிவதும்தான் உதவும். ஆஸ்துமா மருந்து எடுப்பவர்கள் அதை விடாமல் எடுக்க வேண்டும்.

மூக்கொழுகல் இல்லாமல் கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டிங்கியை நினையுங்கள். நாட்டில் டிங்கி மிக அதிகமாகக் காணப்படும் மாநிலம் சிலாங்கூர். பப்பாளி இலைச்சாறு இருக்கிறதே என்பீர்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலேயே அதைச் சோதித்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வில் சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாக ஏறின. ஆனால் அவர்கள் எல்லாரும் மருத்துவமனையில், கண்காணிப்பில் இருந்தவர்கள். டிங்கியில் உயிரைப் பறிப்பது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. காய்ச்சல் விட்டதும்தான் அது பெரும்பாலும் தொடங்கும். அதை இரத்தப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். சாறு குடித்தாலும் பரிசோதனைக்கு வாருங்கள். டிங்கி சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், புருஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இருதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். எடை குறைதல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் பெரிய காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சில் குழப்பம், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, நடக்கும்போது விழுவது ஆகியவைதான் முதல் அடையாளமாக இருக்கும். “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று வீட்டில் விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல் இருந்தால் 999 எண்ணை அழையுங்கள், அல்லது தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனைக்கோ உடனே போங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், தேறிய சளி மறுபடி மோசமானாலும், வீட்டில் பார்க்கும் சர்க்கரை அளவு வழக்கத்தைவிட ஏறியே நின்றாலும் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு வாருங்கள். 60 வயதைக் கடந்து, நாட்பட்ட நோயும் உள்ளவர்கள் அப்படி வரும்போது சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

கிளினிக்கில் மறைக்காதீர்கள்

கஷாயம் குடித்ததைச் சொன்னால் டாக்டர் கோபிப்பார் என்று பலர் வாய் திறப்பதில்லை. அதனால் என்ன நடக்கும்? நிலவேம்பு குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும். மாத்திரைதான் காரணம் என்று எண்ணி மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார். நிலவேம்பை நிறுத்தியதும் சர்க்கரை மளமளவென்று ஏறும். அதிமதுரப் பொடியால் கொதிப்பு ஏறியவருக்குத் தேவையில்லாமல் இன்னொரு கொதிப்பு மாத்திரை சேரும். தெரியாமல் போடும் கணக்கு இப்படித்தான் தவறும்.

கஷாயம் குடிக்கும் நாளிலும் உங்கள் வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். கடையில் வாங்கிய சளி மாத்திரையும் கணக்கில் சேர்த்தி. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் கொதிப்பை ஏற்றும், சில தூக்கத்தைக் கொண்டுவந்து விழ வைக்கும்.

தமிழ் தெரிந்த பணியாளர் இல்லையென்றால் “சாயா அடா மீனும் ஊபாட் கம்போங்” என்று சொன்னால் போதும். நாட்டு மருந்து குடித்திருக்கிறேன் என்பது புரிந்துவிடும். என்ன மருந்து, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்பார்கள். பொட்டலத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். பொட்டலம் இல்லாத பச்சிலை என்றால் ஒரு கொத்தை நெகிழிப் பையில் போட்டு, அதோடு நீங்கள் தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவந்து மருந்துக் கொடுக்கும் இடத்தில் காட்டுங்கள்.